சாக்ஸபோன் படிக்க இரண்டு ஆண்டுப் பட்டம்: எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

கேள்வி சுருக்கமாக: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் 12-ஆம் வகுப்பு, பள்ளி பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான். நேரடியாக நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேரும் அளவுக்கு கிரேடு இல்லை. மியூசிக் பெர்ஃபாமன்ஸில் இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம் படிக்க ஆசைப்படுகிறான். பக்கத்து கம்யூனிட்டி கல்லூரியா (அரசின் இரண்டு ஆண்டுக் கல்லூரி), ஹாலிவுட்டில் இருக்கும் தனியார் இசைப் பள்ளியா? கணவர் "இந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வது?" என்கிறார்.

உங்கள் கணவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் கல்லூரிக் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

வாசிப்பு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அசோசியேட் பட்டத்தைக் கேட்பதில்லை. ஆர்கெஸ்ட்ராவாக இருந்தாலும் ஜாஸ் பேண்டாக இருந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது சொல்லி அழைப்பார்கள். பள்ளியில் பேண்ட் ஆசிரியர் ஆவதற்கோ இளங்கலையும் அதற்கு மேல் ஆசிரியர் சான்றிதழும் வேண்டும். ஆகவே இந்தப் பட்டத்தின் உண்மையான பயன் ஒன்றுதான்: குறைந்த செலவில் இளங்கலையின் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைவது. அது சின்ன விஷயம் இல்லை. கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பட்டத்துக்கு 60 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 2,760 டாலர். புத்தகம், ரீட் (சாக்ஸபோன் ஊதுமுனையில் பொருத்தும் நாணல் தகடு), போக்குவரத்து தனி. (ரீட் செலவைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், மாதக் கடைசியில்தான் அது தெரியும்.)

எனவே நான் சொல்லும் முறை தலைகீழாகத் தோன்றும். தம்பி மூன்றாம் ஆண்டு எங்கே படிக்க விரும்புகிறான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டா, லாங் பீச் ஸ்டேட்டில் இருக்கும் பாப் கோல் கன்சர்வேட்டரியா, யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் ஏதாவதா? மூன்று பெயர்கள் போதும். அவற்றின் இசைத் துறைப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு (வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவருக்கு) என்ன ஆடிஷன், அதாவது வாசித்துக் காட்டும் தேர்வு, கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகுதான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இரண்டு ஆண்டுக் கல்லூரி எது என்ற கேள்வி.

கலிஃபோர்னியாவில் இதற்கு வசதி இருக்கிறது. அசிஸ்ட் என்ற பொதுத் தளத்தில், எந்தக் கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம் எந்த கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அல்லது யூ.சி. வளாகத்தில் எந்தப் பாடமாக ஏற்கப்படும் என்று வரிக்கு வரி இருக்கும். ஓலோனி, சபோ, டி ஆன்சா, ஃபூட்ஹில் என்று உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஒவ்வொன்றையும் அந்த மூன்று வளாகங்களோடு வைத்துப் பாருங்கள். எந்தக் கல்லூரிக்கு எதிரே "சமமான பாடம் இல்லை" என்று அதிகம் வருகிறதோ, அதை ஒதுக்கிவிடலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். கல்லூரியின் அழகான கையேட்டைவிட இந்தப் பக்கம் நேர்மையாகப் பேசும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2010-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி "டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம்" என்று ஒரு வகை உண்டு. இதை முடித்தால், குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு, கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. கல்லூரியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் உறுதி அந்த அமைப்புக்குள் ஒரு இடத்துக்குத்தான். நீங்கள் விரும்பும் வளாகத்துக்கு இல்லை. இசையில் இன்னொரு கதவும் இருக்கிறது. அது ஆடிஷன். பல்கலைக்கழகம் "வா" என்று சொல்லியும் இசைத் துறை "இல்லை" என்று சொல்ல முடியும். இசை அல்லாத கவுன்சிலர் பலருக்கு இந்த நெளிவுசுளிவு தெரியாது. அதனால் பொதுக் கவுன்சிலரைப் பார்த்ததோடு நிற்காமல் இசைத் துறை ஆசிரியர் ஒருவரையும் பாருங்கள்.

இப்போது அந்த இரண்டு ஆண்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு செமஸ்டர் தியரி (இசை இலக்கணம்), கூடவே நான்கு செமஸ்டர் காதுப் பயிற்சி, நான்கு செமஸ்டர் தனி வாத்தியப் பாடம், நான்கு செமஸ்டர் பெரிய குழு வாசிப்பு, அதோடு பியானோ வகுப்பு. இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. தியரி ஒன்றைப் படிக்காமல் இரண்டில் உட்கார முடியாது. பல சிறிய கல்லூரிகளில் தியரி ஒன்று ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் மட்டும்தான் இருக்கும். ஜனவரியில் சேர்ந்தால் ஏழு மாதம் பொதுப்பாடம் படித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தியரி நான்கு. முதல் செமஸ்டரில் நாற்பது பேர் உட்காரும் வகுப்பு, நான்காவது செமஸ்டருக்கு வரும்போது எட்டுப் பேராகச் சுருங்கிவிடும். ஆள் குறைவு என்று நிர்வாகம் வகுப்பை ரத்து செய்வதும் உண்டு. அப்படி ஆனால் இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாகும், அல்லது தம்பி ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேறு கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை எடுக்க வேண்டும். எனவே கல்லூரிக்குப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன வசந்த செமஸ்டரில் தியரி நான்கு நடந்ததா? எத்தனை பேர் இருந்தார்கள்?" பதில் சொல்பவர் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

டி ஆன்சாவும் ஃபூட்ஹில்லும் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, நடப்பவை. ஓலோனியும் சபோவும் செமஸ்டர் முறை. தியரியை ஒரு முறையில் தொடங்கிப் பாதியில் மற்றொன்றுக்குத் தாவினால், இடையில் சில பாடங்கள் விடுபடும், சில இரண்டு முறை வரும். எதில் தொடங்குகிறானோ அதிலேயே முடிப்பது நல்லது.

காலக்கணக்கில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று. இரண்டு ஆண்டு என்றால் ஆடிஷனுக்குத் தயாராக இரண்டு ஆண்டு இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் அக்டோபர், நவம்பரில். ஆடிஷன் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். சில துறைகள் அதற்கும் முன்பே பதிவு செய்த வீடியோ கேட்கும். அதாவது கையில் இருப்பது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, அதில் ஒரு கோடை விடுமுறை. பள்ளி பேண்டில் நன்றாக வாசிக்கும் பையன், தனியாக நின்று இரண்டு மாறுபட்ட குணமுள்ள பகுதிகளையும் எல்லா மேஜர், மைனர் ஸ்கேல்களையும் வாசித்துக் காட்டும் நிலைக்கு வர அது தாராளமான காலம் இல்லை.

அதனால்தான் ஆசிரியர் யார் என்பது அத்தனை முக்கியம். கல்லூரியின் பெயரைவிட, கட்டடத்தைவிட, வாரம் ஒருமுறை தம்பியோடு ஒரு சிறிய அறையில் உட்காரப்போகும் அந்த ஒரு மனிதர்தான் இந்தப் படிப்பு. இங்கே கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் மிக அதிகம். சில இடங்களில் ஆடிஷன் வைத்துத் தேர்ந்தெடுத்து, கல்லூரிச் செலவிலேயே தனிப்பாடம் தருவார்கள். சில இடங்களில் அரை மணி நேரம், சில இடங்களில் ஒரு மணி நேரம். சில இடங்களில் தனிப்பாடமே கிடையாது. நீங்களே வெளியே ஒருவரைப் பிடித்துக் காசு கொடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சில இடங்களில் எல்லா மரக்காற்று வாத்தியத்துக்கும் ஒரே ஆசிரியர், அவர் புல்லாங்குழல்காரராக இருப்பார். நல்ல இசைக்கலைஞராகவே இருக்கலாம். ஆனாலும் சாக்ஸபோனில் வாய் வைக்கும் முறையையும் ரீட் தேர்வையும் சாக்ஸபோன்காரர்தான் சொல்லித்தர முடியும்.

பகுதிநேர ஆசிரியர் என்றால் தயங்க வேண்டாம். கம்யூனிட்டி கல்லூரிகளில் வாத்தியம் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் பகுதிநேரம்தான். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இவர்களில் பலர் காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர் என்று சிறு ஆர்கெஸ்ட்ராக்களுக்கிடையே காரிலேயே வாழ்பவர்கள். "ஃப்ரீவே ஃபில்ஹார்மோனிக்" என்று கேலியாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரிடம் படித்தால் ஒரு லாபம் உண்டு. திடீரென்று ஒருநாள் அவருக்கு இரண்டு இடத்தில் நிகழ்ச்சி வந்தால், ஒன்றைத் தன் மாணவனிடம் தள்ளிவிடுவார். தொழில் தொடங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

சேர்வதற்கு முன் அந்த ஆசிரியரிடம் ஒரு சோதனைப் பாடம் கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள், கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தம்பி வாசிக்கும்போது அவர் எங்கே நிறுத்துகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். "அருமை, அருமை" என்று அரை மணி நேரம் போனால் அது பயனில்லாத பாடம். நான்காவது தாளப் பகுதியிலேயே நிறுத்தி, "மவுத்பீஸை இத்தனை கடிக்காதே, அந்த சி-ஷார்ப்பின் சுருதி ஏறுகிறது, இப்போது ட்யூனரைப் பார்த்துக்கொண்டு நீளமாக ஊது" என்று சொல்லி, பையன் மறுபடி ஊதும்போது சத்தம் அங்கேயே மாறுகிறதா? மாறினால் நல்ல ஆசிரியர். கடைசியில் தம்பி இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "கடந்த சில ஆண்டுகளில் உங்கள் மாணவர்கள் எங்கே டிரான்ஸ்ஃபர் ஆனார்கள்?" கல்லூரிப் பெயர்கள் தடையில்லாமல் வந்தால் நல்லது.

அப்புறம் ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். கச்சேரிக்கு வேண்டாம், கச்சேரியில் எல்லாரும் நன்றாக உடுத்தி நன்றாக வாசிப்பார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்கால ஒத்திகைதான் உண்மை. கம்யூனிட்டி கல்லூரி விண்ட் என்சாம்பிளில் (காற்று வாத்தியக் குழு) பாதிப் பேர் ஊர்க்காரர்களாக, ஓய்வுபெற்ற பேண்ட் ஆசிரியர்களாக இருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையன் அறுபது வயது அனுபவசாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது பெரிய பாடம். ஆனால் நல்ல சோலோ எல்லாம் அவர்களுக்கே போகிறது என்றால் தம்பிக்கு என்ன மிஞ்சும் என்றும் பார்க்க வேண்டும். சாக்ஸபோனுக்குத் தனியாக ஒன்று: வழக்கமான சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு நிரந்தர நாற்காலி இல்லை. ஆகவே நல்ல விண்ட் என்சாம்பிளும் ஜாஸ் பேண்டும் இரண்டும் உள்ள இடமாகப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா மட்டும் பெயர்பெற்ற கல்லூரி அவனுக்கு உதவாது.

ஜூரி பற்றியும் கேளுங்கள். செமஸ்டர் முடிவில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் முன்னால் தனியாக வாசிக்கும் தேர்வு அது. ஒரு வெறும் அறை, ஒரு பியானோ, மேசைக்குப் பின்னால் தாளில் எழுதிக்கொண்டே கேட்கும் மூன்று பேர். "பி-ஃப்ளாட் ஹார்மோனிக் மைனர், இரண்டு ஆக்டேவ், சுரங்களைச் சேர்க்காமல் பிரித்து வாசி" என்று தலை நிமிராமலே சொல்வார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதிய தாள் பிறகு மாணவன் கைக்கு வரும். இதை ஒவ்வொரு செமஸ்டரும் கண்டிப்பாக நடத்தும் கல்லூரியில் படித்தவனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆடிஷன் நான்காவது ஜூரி மாதிரி இருக்கும். ஜூரியே இல்லாத இடத்தில் படித்தவன் முதல் தடவையாக அந்த அறைக்குள் போவது வாழ்க்கையை முடிவு செய்யும் நாளிலாக இருக்கும்.

சரி, ஹாலிவுட் தனியார் பள்ளி. நீங்கள் பெயர் சொல்லவில்லை. அங்கே நன்கு தெரிந்தது மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிட்யூட். 1977-இல் கிட்டார் பள்ளியாகத் தொடங்கி, இப்போது பல வாத்தியங்களில் பெர்ஃபாமன்ஸ் அசோசியேட் பட்டமும் அதற்கு மேலும் தருகிறது. பாசடீனாவில் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் ஆஃப் மியூசிக் இருக்கிறது. ராக், பாப், ஸ்டுடியோ வாசிப்பு, மேடைத் தொழில் என்று தெளிவாகத் தெரிந்த கிட்டார், டிரம்ஸ் மாணவர்களுக்கு இத்தகைய இடங்களில் நிஜமான பயன் உண்டு. சுற்றிலும் தொழில் நடக்கும் ஊர், வகுப்புத் தோழர்களே நாளைய பேண்ட். ஆனால் செலவு ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர், வாடகை தனி. அங்கே எடுத்த யூனிட்டுகளை மாநிலப் பல்கலைக்கழகம் எவ்வளவு ஏற்கும் என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். பள்ளி பேண்டில் சாக்ஸபோன் வாசித்து, மேலே இளங்கலைக்குப் போக நினைக்கும் பையனுக்கு அதைக் கடன் வாங்கிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

தனியார் இசைப் பள்ளிகளில் இன்னொரு அபாயமும் உண்டு. மினசோட்டாவில் செயின்ட் பால் நகரில் மெக்னாலி ஸ்மித் காலேஜ் ஆஃப் மியூசிக் என்று ஒன்று இருந்தது. அசோசியேட்டிலிருந்து முதுகலை வரை தந்த, நல்ல பெயருள்ள இடம். 2017 டிசம்பர் நடுவில், செமஸ்டர் முடியும் நேரத்தில், பள்ளியை மூடுவதாக அறிவித்து ஒரு வாரத்துக்குள் மூடிவிட்டார்கள். ஆசிரியர்களிடம் கடைசி நாட்களைச் சம்பளம் இல்லாமல் முடித்துக் கொடுக்கச் சொல்லும் நிலை. 2024-இல் ஃபிலடெல்ஃபியாவின் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் மே 31 அன்று அறிவித்து ஜூன் 7-இல் மூடியது. மாணவர் கட்டணத்தை மட்டும் நம்பி நிற்கும் கலைப் பள்ளிகள் இப்படித் திடீரென்று சாயலாம். தனியார் இடம் எதையும் யோசிக்கும் முன் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள்.

அங்கீகாரம் பற்றி இரண்டு வரி. கல்லூரி முழுவதற்குமான அங்கீகாரம் கட்டாயம். அது இல்லாமல் டிரான்ஸ்ஃபரும் இல்லை, ஃபெடரல் உதவியும் இல்லை. இசைக்கென்று 1924-இல் தொடங்கிய நாஸ்ம் என்ற தேசிய சங்கத்தின் அங்கீகாரம் தனி. இருந்தால் நல்லது. ஆனால் நல்ல இசைத் துறை உள்ள கம்யூனிட்டி கல்லூரிகள் பல அதை வாங்கவில்லை. அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் போவதில் தம்பிக்கு அவ்வளவு ஆசை என்றால், தனியார் பள்ளியைப் பார்க்கும் முன் லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜைப் பாருங்கள். அது அரசுக் கம்யூனிட்டி கல்லூரி. திரைப்பட இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அங்கே படித்தவர். ஜான் வில்லியம்ஸும் சிறிது காலம் அங்கே படித்திருக்கிறார். 2016-இல் ட்ரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட்டின் அறக்கட்டளை, முழுநேர இசை மாணவர்கள் கட்டணமில்லாமல் படிக்கவென்று அந்தக் கல்லூரிக்கு 10.1 மில்லியன் டாலர் கொடுத்தது. ஆடிஷன் விவரமும் இன்றைய நிபந்தனைகளும் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உண்மையான செலவு அறை வாடகைதான்.

கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: பட்டத்தின் பெயரில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஏ.ஏ. (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்) பெரும்பாலும் மேற்படிப்பை நோக்கியது, ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்) தொழிலை நோக்கியது, அதன் யூனிட்டுகள் நான்கு ஆண்டுக் கல்லூரிக்கு அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் தொழில்தான் குறிக்கோள் என்றால் அதுவும் தப்பில்லை. டெக்சஸில் லெவெல்லண்ட் என்ற சிறிய ஊரில் இருக்கும் சவுத் ப்ளெய்ன்ஸ் காலேஜ் கன்ட்ரி, ப்ளூகிராஸ் இசைக்குப் பெயர்போனது. பாடகி லீ ஆன் வோமாக் அங்கே படித்தவர். பேஞ்சோ வாசிப்பவனுக்கு அது சரியான இடம், உங்கள் மகனுக்கு இல்லை.

பணம், விசா. நீங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் என்றால் ஃபெடரல் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தைக் கட்டாயம் போடுங்கள். வருமானத்தைப் பொறுத்து பெல் என்ற ஃபெடரல் உதவித்தொகை கிடைக்கலாம்; 2024–25-இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அது ஆயுளில் மொத்தம் பன்னிரண்டு முழுநேர செமஸ்டர்களுக்குத்தான். இரண்டு ஆண்டுப் படிப்பை முழுநேரமாகவே நான்கு ஆண்டாக இழுத்தால், இளங்கலைக்கு மிஞ்சுவது நான்கு செமஸ்டர்தான்; அதற்கு மேல் ஒரு செமஸ்டர் தள்ளினாலும் அது தீர்ந்துவிடும். தம்பி இன்னும் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் கதை வேறு. ஃபெடரல் உதவி இல்லை. மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்று கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும், அது ஏறக்குறைய மூன்றாம் ஆண்டின் நடுவில் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் பல மடங்கு. ஒன்று மிக முக்கியம்: ஹெச்-4 பிள்ளையோ, வெளியே வேலை அனுமதி வாங்காத எஃப்-1 மாணவனோ, சனிக்கிழமை இரவு ரெஸ்டாரன்டில் நூறு டாலருக்கு வாசித்தால் அதுவும் சட்டப்படி வேலைதான். எல்லாப் பையன்களும் செய்கிறார்கள் என்று இவனும் செய்யக்கூடாது. சென்னையிலிருந்து நேரடியாக இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பியானோவை இப்போதே தொடங்கட்டும். சாக்ஸபோன், ட்ரம்பெட் பிள்ளைகள் இசைப் படிப்பில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பியானோ வகுப்புதான். ஒரே சுர வரியை மட்டும் படித்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டு வரியை ஒன்றாகப் படிப்பது மலையாகத் தெரியும். ஒரு சாதாரண கீபோர்டில் தினமும் இருபது நிமிடம், இரண்டு கையும், ஆகஸ்ட் வரை. தியரியும் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அசிஸ்ட் பக்கத்தில் இரண்டு கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டின் சாக்ஸபோன் ஆசிரியருக்கும் தம்பியே மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். நாலு வரி: நான் யார், என்ன வாசிக்கிறேன், எங்கே டிரான்ஸ்ஃபர் ஆக நினைக்கிறேன், உங்களிடம் ஒரு பாடம் கிடைக்குமா. செமஸ்டர் முடியும் வாரத்தில் அனுப்பினால் பதில் வராது. ஜூரி நடக்கும் நேரம். அதற்கு இரண்டு வாரம் முன்போ பின்போ அனுப்பச் சொல்லுங்கள்.